கம்பெனி போய்விட்ட கார்

எங்கள் காரைச் செய்த கம்பெனி இந்தியாவை விட்டே போய்விட்டது. பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரி வந்திருந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். கம்பெனி போனால் எனக்கென்ன, கார் என் வாசலில்தானே நிற்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த மனுஷனை இப்போது எங்காவது பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் நாலு வார்த்தை கேட்பேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் கார் நன்றாகத்தான் ஓடியது. முதல் தடவை அது நின்றது வெள்ளாற்றுப் பாலத்தின் மேல். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். பாலத்தின் பாதியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, மீட்டர் முள்ளெல்லாம் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன, எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் அடித்த ஹாரனில் எனக்கு உயிரே போய்விட்டது. பின் சீட்டில் என் மகள் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பிவிட்டது. கெட்டுப்போய் நிற்கிற வண்டியை நம்பலாம். நின்றுவிட்டு நல்ல பிள்ளை மாதிரி ஓடுகிற வண்டியை என்ன செய்வது?

மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஆட்டிசம். வயது இருபத்தாறு, வீட்டில் இன்னும் பாப்பாதான். பேசுகிற சொற்கள் ஒரு கைப்பிடி. சிதம்பரத்தில் அவளைப் போன்றவர்களுக்கு ஒரு பகல்நேர மையம் இருக்கிறது. அங்கே காகிதப் பை ஒட்டுகிறார்கள், துணி மடிக்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், மத்தியானம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். கேட்பதற்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அங்கே போக ஆரம்பித்த பிறகுதான் அவள் ராத்திரி தூங்கத் தொடங்கினாள். மணிக்கட்டைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது நின்றது. அவளைக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் வரை நான் சிதம்பரத்திலேயே ஒரு டீக்கடை பெஞ்சிலும் கார் சீட்டிலுமாகப் பொழுதைக் கழித்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை.

அவள் ஏறுவது இந்த ஒரு காரில்தான். பஸ்ஸில் ஏற மாட்டாள். ஆட்டோவைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். ஏன் இந்தக் கார் மட்டும் என்று டாக்டர்கள் கேட்டார்கள், மையத்து டீச்சர் கேட்டார், நானும் வீட்டுக்காரியும் எங்களையே எத்தனையோ தரம் கேட்டுக்கொண்டோம். தெரியவில்லை. காரணம் தேடுவதை நிறுத்திக்கொண்டோம். இந்தக் கார் ஓடினால் அவளுக்குச் சிதம்பரம் உண்டு. ஓடாவிட்டால் வீடும் அந்த மணிக்கட்டும்தான்.

கடலூர் முதுநகரில் எங்களுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். நல்ல கைவாகு உள்ளவர், பொய் சொல்லாதவர். அவர் இரண்டு சென்சாரை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், டீசல் பில்டரை மாற்றினார். வண்டி மறுபடி ஆலப்பாக்கத்தில் நின்றது, சிப்காட் வாசலில் நின்றது, ஒரு தடவை எங்கள் தெருமுனையிலேயே நின்றது. ஸ்கேனர் மெஷினைச் சொருகிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குறை சொன்னது. ஒரு நாள் பிரேக் என்றது, ஒரு நாள் டீசல் பம்ப் என்றது, ஒரு நாள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சார், இது ஒயரிங்ல எங்கியோ ஒளிஞ்சிகினு வேடிக்க காட்டுது. கம்பெனி ஒயரிங் படம் இருந்தா ஒவ்வொண்ணா புடிச்சிப் பாக்கலாம். தெரியாம இதுல கைய வச்சேன்னா இருக்கறதும் பூடும். படம் எங்கனா கெடைக்குதா பாருங்க. அது வரைக்கும் பாப்பாவ வச்சிகினு இதுல ரோட்டுக்குப் போவாதீங்க."

கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. காரைத் தட்டுத்தடுமாறி வீட்டுக்குக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினேன்.

நான் அரசாங்க அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்தவன். என் நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான். உலகத்தில் எதற்கும் ஒரு காகிதம் இருக்கும், அது இருக்கிற அலமாரிதான் நமக்குத் தெரியாது. ஆகவே மெக்கானிக் படம் கேட்டபோது நான் பயப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் உற்சாகம்கூட வந்தது. எஞ்சின் எனக்குத் தெரியாது, ஆனால் காகிதம் தேடத் தெரியும் என்று கிளம்பினேன்.

முதலில் காரோடு வந்த புத்தகத்தைப் பார்த்தேன். சீட்டை எப்படி முன்னால் தள்ளுவது, குழந்தைக்கு எப்படி பெல்ட் போடுவது, சிகரெட் சாம்பலை எங்கே தட்டுவது, எல்லாம் விலாவாரியாக இருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும் என்று ஒரே வரி.

அணுகத்தான் போனேன். நெல்லிக்குப்பம் ரோட்டில் அந்தச் சேவை மையம் இருந்த இடம் இப்போது ஏ.சி. கல்யாண மண்டபம். வண்டிகளைத் தூக்கி நிறுத்திய இடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, மொய்ப் பணத்தோடு கொடுக்கிற பரிசு என்று நினைத்தாரோ என்னவோ, "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டார். கார் வீடு என்று சொல்ல வாய் வந்தது. புத்தகத்தை இடுக்கிக்கொண்டு திரும்பினேன்.

கம்பெனியின் போன் நம்பர் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் மிகவும் மரியாதையாக, அந்த மாதிரி ஆவணங்கள் வாடிக்கையாளருக்குத் தரப்படுவதில்லை, சேவை மையத்துக்கு மட்டும்தான் என்றாள். சேவை மையம் எங்கே அம்மா இருக்கிறது என்றேன். என் ஊருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று வருத்தம் தெரிவித்தாள். வருத்தம் நிஜமாகவே குரலில் இருந்தது. அவளைத் திட்டவும் மனம் வரவில்லை.

பிறகு இன்டர்நெட்டில் இறங்கினேன். இறங்கினேன் என்று சொல்வதுதான் சரி, சேற்றில் இறங்குகிற மாதிரியான வேலை அது. ஒரு தளம் கார்டு நம்பரைக் கேட்டது. இன்னொன்று இலவசம் என்று சொல்லி பெட்ரோல் வண்டியின் புத்தகத்தைக் கொடுத்தது, எங்களுடையது டீசல். ஒரு வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் நம் வீட்டுச் சமையலறையைவிடச் சுத்தமான ஷெட்டில் நின்றுகொண்டு எங்கள் கார் மாதிரியே ஒன்றைத் திறந்து, முதலில் இந்த மூடியைக் கழற்றுங்கள் என்றார். எங்கள் காரில் அந்த மூடியே கிடையாது.

கடைசியில் ஒரு முழுப் புத்தகம் கிடைத்தது. எங்கள் மாடல், எங்கள் எஞ்சின், ஒயரிங் படம் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம். நமக்குத் தெரியாத ஏதோ ஒரு பாஷை. பக்கங்களை பிரின்ட் எடுத்துக்கொண்டு முதுநகருக்கு ஓடினேன். மெக்கானிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எல்லாம் இந்தாண்ட அந்தாண்டயா இருக்குது சார். கண்ணாடில காட்டிப் பாக்கலாமா?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே அங்கே நின்ற வேறொரு வண்டியின் பக்கக் கண்ணாடிக்கு எதிரே தாளைப் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு வயசான ஆட்கள் ஒரு கண்ணாடிக்குள் காரைத் தேடிக்கொண்டிருந்தோம். பாதி சரியாக வந்தது. மீதிப் பாதி திரும்பாமல் பழைய பக்கத்திலேயே நின்றது. எது திரும்பியது, எது திரும்பவில்லை என்பது அந்தப் புத்தகத்தை எழுதினவனுக்குத்தான் வெளிச்சம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாப்பா தினமும் காலையில் குளித்து, தலை வாரி, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க் கார்க் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்துவிடுவாள். கார் நிற்பதைப் பற்றி அவளுக்கு ஆட்சேபணை இல்லை. சிதம்பரம் வராததுதான் தொல்லை. முதலில் பொறுமையாக இருப்பாள். வெயில் ஏறும். பிறகு லேசாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்குவாள். அந்த ஆட்டம் வேகமாகும்போது என் வீட்டுக்காரி ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் பிடிக்க நேரமாகிவிட்டது. கட்டுப் போட வேண்டியிருந்தது.

"என்னங்க, எதனா ஒரு வழி பாருங்க," என்பாள் வீட்டுக்காரி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். சண்டை போட்டால்கூடத் தேவலை என்றிருக்கும்.

வீட்டுக்காரியின் தம்பி, என் மச்சான், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறான். நல்லவன். புதுக் கார் வைத்திருக்கிறான். "மாமா, அத்த இரும்பு வெலைக்குத் தள்ளி வுட்டுடுங்க. ஜாஸ்தி யோசிக்காதீங்க. நான் கொண்டாந்து வுடறேன், நம்ம வண்டில பாப்பா ஏறாமலா பூடும்?" என்றான். ஒரு நாள் அப்படியும் பார்த்தோம். வீட்டுக்காரி முதலில் ஏறி உட்கார்ந்து, பழைய காரின் சீட் உறையைக் கழற்றி மச்சான் காரில் போட்டு, பாப்பா கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, எப்படியோ ஏற்றிவிட்டோம். முதுநகர் தாண்டுவதற்குள் அவள் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரயில்வே கேட் பக்கம் வண்டி மெதுவானபோது கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். மச்சான் பிரேக்கை மிதித்தவன் அப்படியே ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் பாப்பாவை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவன் அதற்குப் பிறகு இரும்பு விலையைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மதுரை, கோயம்புத்தூர், திருச்சி என்று பல ஊர்க்காரர்கள். காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார்கள். யாராவது காரை விற்றுவிட்டால், இழவு வீட்டில் சொல்வது போல ஆறுதல் சொல்வார்கள். அதில் நான் ஒயரிங் படம் கேட்டு எழுதி எழுதி எல்லாருக்கும் சலித்துப்போன பிறகு, ஒருவர் ஒரு தகவல் கொடுத்தார். கடலூர் சேவை மையத்தில் வேலை பார்த்த ஒருவர் கம்மாபுரத்தில் இருக்கிறார், சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார், அவரிடம் கம்பெனியின் சி.டி. இருக்கலாம்.

பஸ் மாறி மாறிக் கம்மாபுரம் போனேன். அந்த மனிதர் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நான் ஏசி செக்ஷன் சார். எனக்கு கேஸ் ரொப்பத் தெரியும், ஒயரிங்லாம் தெரியாது," என்றார். "ஆனா சி.டி. இருக்குது. கடைய மூடறாங்கன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஒண்ணு எடுத்துகினு போனாங்க. ஒருத்தன் கம்ப்ரசர், ஒருத்தன் சுத்தற சேர். நான் லேட்டாப் போனேன், இதான் இருந்துச்சி."

"எத்தன சி.டி.?"

"ரெண்டு. ஒண்ணு கம்பங்கொல்லையில தொங்குது சார், கிளி வராம இருக்கறதுக்கு. இன்னொண்ணு பீரோல இருக்குது."

என் அதிர்ஷ்டம் எனக்குத் தெரியும், எனக்கு வேண்டியது கொல்லையில்தான் தொங்கும். அவர் பீரோவிலிருந்து எடுத்து வந்ததை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மின்சாரப் பகுதி என்று மேலே அச்சிட்டிருந்தது. எஞ்சின் பகுதிதான் கிளி ஓட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் எப்போதாவது இப்படியும் நடக்கிறது. நன்றி சொன்னால் அவர் கூச்சப்பட்டார். "அதுல பாட்டுகூட ஓடாது சார், எங்களுக்கு எதுக்கு?" என்றார்.

சி.டி.யைப் போட்டுப் பார்க்க இப்போது யாரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது? கடலூரில் கேட்ட இடத்திலெல்லாம் பென் டிரைவ் இல்லையா என்று கேட்டார்கள். சிதம்பரத்தில் மையத்துக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. பல்கலைக்கழகப் பிள்ளைகளின் பழைய பிராஜெக்ட்களைத் திறப்பதற்காக ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரை அங்கே மூலையில் வைத்திருந்தார்கள். கடைக்கார அம்மா, "இது எப்ப ஆன் ஆவும்னு அதுக்கே தெரியாது. ஒக்காருங்க சார், பாக்கலாம்," என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

ஆன் ஆனது. சி.டி. முனகிக்கொண்டே சுற்றியது. படம் வந்தபோது எனக்குக் கண் கலங்கியதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. வலது பக்கம் ஸ்டியரிங். எங்கள் கார். ஒவ்வொரு ஒயரும் எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்று கலர் கலராக இருந்தது. ஆயிரக்கணக்கில் பக்கங்கள், எல்லாம் இங்கிலீஷ். எனக்குக் காரும் தெரியாது, மின்சாரமும் தெரியாது. ஆனால் சுற்றறிக்கைகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று தெரியும். முக்கியமான விஷயத்தைச் சின்ன எழுத்தில், குறிப்பு என்று போட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். குறிப்புகளை மட்டும் தேடினேன். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டுத் தேடினேன். கிடைத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குறைகள் மாறி மாறிக் காட்டினால் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் எர்த் இணைப்புகளைச் சோதிக்கவும். அதாவது, பல ஒயர்கள் ஒன்றாகச் சேர்ந்து வண்டியின் தகட்டில் ஒரு போல்ட்டில் இறுகுகிற இடம். அது எங்கெங்கே இருக்கிறது என்பதற்கு அடுத்த பக்கத்தில் படம். ஒரு போல்ட் பேட்டரிக்குப் பின்னால், உள்தகட்டில், கீழே.

அந்தப் பக்கங்களை பிரின்ட் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். மறுநாளே மெக்கானிக் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். பாப்பா வழக்கம்போல் பின் சீட்டில் இருந்தாள். இறங்க மாட்டாள் என்பதால் அவளை வைத்துக்கொண்டே பானெட்டைத் திறந்தோம். மெக்கானிக் படத்தைப் பார்த்து, பேட்டரியை எடுத்துக் கீழே வைத்து, முன்பு அதை மாற்றியபோது பார்க்காத அடிமூலையில் டார்ச் அடித்தார்.

"அய்யய்யே," என்றார்.

போல்ட் தெரியவில்லை. அந்த இடத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்து தடிமனாக ஒரு பக்கு. அதன் ஓரமெல்லாம் செம்பு பச்சை பூத்து, ஒயர்களின் முனை பொடிந்துபோயிருந்தது. மெக்கானிக் ஸ்குரூடிரைவரால் கொஞ்சம் சுரண்டி விரலில் எடுத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், சந்தன வாசன வருது."

எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் தேவனாம்பட்டினத்துக்காரர்கள். கடல் தொழில் குடும்பம், அரசாங்க வேலைக்கு வந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்குப் படகு எஞ்சினில் ஒரு உறுப்பு விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். விட்டுப்போன உறுப்பு கோபித்துக்கொண்டு நடுக்கடலில் காலை வாரிவிடும் என்பது அண்ணன்மார் பேச்சு. எனக்குப் படகு இல்லை, கார்தான். அந்தப் பழக்கத்தில் பாப்பாவின் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, பானெட்டைத் திறந்து, இங்க வை, இங்க வை என்று நான்தான் வருஷா வருஷம் காட்டிக்கொடுத்தேன். அவளுக்கு அந்த நாள் அவ்வளவு பிடிக்கும். மற்ற எந்த வேலையையும் நாம் சொல்லிச் செய்பவள், இதை மட்டும் தானாகவே செய்வாள், அவ்வளவு நிதானமாக. பேட்டரிக்குப் பின்னாலிருக்கும் அந்த வட்டமான போல்ட் அவளுக்கு நெற்றி மாதிரித் தெரிந்ததோ என்னவோ. என் கை அங்கே போகாது. அவளுடைய மெலிந்த கை போகும். முதல் பொட்டு எப்போதும் அதற்குத்தான். ஈரச் சந்தனம், குங்குமம், அதன் மேல் எங்கள் ஊர் உப்புக் காற்று. ஒரு வருஷப் பொட்டின் மேல் அடுத்த வருஷப் பொட்டு.

"யாரு சார் இதுக்குள்ள போய் வச்சது?" என்றார் மெக்கானிக்.

பின் கதவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பாப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றேன்.

"படிச்சவங்க நீங்களே இப்டி பண்லாமா சார்? மேலாக்க ஒண்ணு வச்சிட்டுப் போவ வேண்டிதான. இனிமே உள்ள எங்கியும் வைக்காதீங்க. இன்னொரு தபா இந்த ஒயரு தாங்காது, புதுசு போடக் கம்பெனியும் கெடையாது."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கல்யாண மண்டபம், கண்ணாடி, கம்மாபுரம் என்று நான் அலைந்ததெல்லாம் என் மகள் சாமி கும்பிட்டதைக் கண்டுபிடிக்கத்தானா? பிறகு சிரிப்பு வந்தது. அதுவும் நிற்காமல் வந்தபோது, மெக்கானிக் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் பக்கைச் சுரண்டி, தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் முனைகளை வெட்டிப் புதுசாகக் கட்டி, மேலே கிரீஸ் தடவினார். வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

அடுத்த நாள் காலை பாப்பா டிபன் பையோடு ஏறினாள். நான் ஓட்டினேன். அவளுக்கு அது பெரிய சம்பவமே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் மூக்கால் முனகிப் பாட ஆரம்பித்தாள். நான் பாலம் தாண்டுகிறவரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மையத்தில் அவளை விட்டுவிட்டு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் நான் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. டீ ஆறும்வரை கிளாஸைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

களைப்பு காரினால் மட்டும் இல்லை. கார் பழைய மாடல், ஓட்டுகிறவனும் பழைய மாடல். ஒரு கண்ணில் புரை வந்திருக்கிறது, கொஞ்ச தூரம் ஓட்டினால் இடது கை மரத்துப்போகிறது. காருக்காவது எங்கேயோ ஒரு பீரோவில் சி.டி. கிடைத்தது. நானில்லாமல் போனால் அவளைச் சிதம்பரத்துக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று எந்த அலமாரியில் போய்த் தேடுவது? வீட்டுக்காரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் எடுப்பதே இல்லை. எடுத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரி சந்தனம் கரைக்கும்போதே சொல்லிவிட்டாள். "இந்த வருசம் வெளிய மட்டும் வைக்கச் சொல்லுங்க. பக்குவமா சொல்லுங்க."

சொன்னேன். பானெட்டின் மேல் வைக்கச் சொன்னேன், நாலு சக்கரத்துக்கும், ஸ்டியரிங்குக்கும், கண்ணாடிக்கும் வைக்கச் சொன்னேன். எல்லாம் வைத்தாள். ஒன்று விடாமல் வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு காருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவ்வளவுதான் பாப்பா, முடிஞ்சிது, சாமி கும்பிடலாம் வா என்றேன். நகரவில்லை. மூடியிருந்த பானெட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். கத்தவில்லை, ஆடவில்லை, மணிக்கட்டை வாயில் வைக்கவில்லை. கார் கிளம்பாமல் நின்ற நாட்களில் பின் சீட்டில் எப்படிக் காத்திருந்தாளோ, அதே மாதிரி நின்றாள். நான் திறந்துவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மெக்கானிக் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இருந்தாலும் பானெட்டைத் தூக்கினேன். அவள் குனிந்து, கையை பேட்டரிக்குப் பின்னால் நீட்டி, உள்ளே முதல் பொட்டை அங்கேதான் வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக வைத்து முடித்து, கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் ஷெட்டிலேயே நின்றேன். பேட்டரியை எடுத்து வைத்துவிட்டு அந்தப் போல்ட்டை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, கிரீஸ் தடவினேன். நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிறகு உள்ளே போய், நான் கோப்பில் கட்டி வைத்திருந்த அந்தப் பக்கத்தை எடுத்தேன். போல்ட்டின் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. எனக்குப் பிறகு இந்தக் காரை ஓட்டப்போகிறவர் யாரென்று தெரியாது. அப்படி ஒருவர் இருப்பாரா என்றும் தெரியாது. இருந்தால் அவருக்குத் தெரிய வேண்டுமே என்று எழுதினேன். ஆயுத பூஜை அன்று அவள் இங்கே பொட்டு வைப்பாள். பானெட்டைத் திறந்து விடவும். பிறகு துடைத்து, கிரீஸ் தடவவும். அவள் பார்க்கும்போது துடைக்க வேண்டாம்.